கிளுவை வேலியில் நின்ற தவளை வண்டி

ஒரு பொருளை மனமுவந்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு யார் பொறுப்பு? கொடுத்தவரா, ஓட்டுகிறவரா, அன்போடு அதைப் பராமரிக்கிறவரா? திருப்பூருக்கும் காங்கேயத்துக்கும் இடையே ஓர் இட்டேரியில், கிளுவை வேலிக்குள் இடுப்புவரை புதைந்து கிடந்தபோது எனக்குள் எழுந்த கேள்வி இது. இட்டேரி என்பது இரு பக்கமும் உயிர்வேலி அடைத்த, மாடுகளும் வண்டிகளும் போகும் மண்தடம். வேலிக்கு அப்பால் நின்ற காங்கேயம் காளை ஒன்று அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. வண்டியை ஓட்டிவந்த மயிலாத்தாள் முதலில் என் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகுதான் தன் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

அந்த வண்டி எங்களுடையது. கடல் தாண்டி ஈப்போ நகரில் நான் வேலை பார்க்கும் பெண்கள் நலச் சங்கத்துக்கு, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று தன் பழைய நான்கு சக்கர மோட்டார் சைக்கிளை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. தடித்த டயர்கள், மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, இரு பக்கமும் கால் போட்டு உட்காரும் இருக்கை, பின்னால் சாமான் வைக்க ஒரு கம்பித் தட்டு. கியர் மாற்றக் கால் வேண்டாம். பெருவிரலால் அழுத்தினால் போகும், கைவிரல்களால் பிடித்தால் நிற்கும். சேற்றிலும் மணலிலும் போகும் அந்த வண்டியை நகரத்தில் இருந்த நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் ஆண்டு தார்பாயால் மூடி வைத்திருந்தோம்.

அப்போதுதான் திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் மயிலாத்தாள். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பிப் போன பெண். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த துணிகளில் நூல் பிசிறு வெட்டும் வேலையை வாங்கி, ஐந்து சிற்றூர்களில் வீட்டோடு இருக்கும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்து, வெட்டிய துணிகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் தொழில். யாராவது வண்டி கட்டினால்தான் அவளுக்கு அன்றைய வேலை. கால் தேவைப்படாத வண்டி ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தாள். எங்களிடம் இருந்தது. கப்பலில் அனுப்பினோம். ஒரு புகைப்படம் திரும்பி வந்தது. மூட்டைகளுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மயிலாத்தாள். எங்கள் அலுவலகச் சுவரில் அதை மாட்டினோம்.

அதன் பிறகு வந்த கடிதங்களில் மகிழ்ச்சி குறைந்துகொண்டே போனது. பிரேக் பிடித்தால் வண்டி கத்துகிறது, சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடுகள் மாதத்துக்குள் தேய்ந்துவிடுகின்றன. இரண்டு முறை தபாலில் பேடுகள் அனுப்பினோம். மூன்றாவது கடிதம் வந்தபோது செயற்குழு பொறுமை இழந்தது. அங்கே அதைக் காப்பாற்ற வழியில்லை என்றால், சொந்தப் பட்டறை வைத்திருக்கும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு வண்டியை மாற்றிவிடலாம். ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அந்த ஒருவர் நான். இந்த முடிவை மயிலாத்தாளுக்கும் கடிதத்தில் தெரிவித்துவிட்டார்கள் என்பதை விமானம் ஏறும் நாளில்தான் அறிந்தேன். விருந்தினராகப் போகிறேனா, தீர்ப்புச் சொல்லப் போகிறேனா என்று எனக்கே தெளிவில்லாமல் போய் இறங்கினேன்.

சென்னையில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே அடுக்கியிருந்த பேடுகளை வெளியே எடுத்தார்.

"இது என்னம்மா?"

"பிரேக் சார்."

"வண்டி எங்கே?"

"வண்டி முன்னாடியே வந்துவிட்டது."

"வண்டி முன்னால வந்துடுச்சு, பிரேக் பின்னால வருதா? நல்ல வண்டிம்மா!" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த இந்தப் பயணத்தில், எங்கள் சங்கத்தின் நிலையை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லவில்லை.

திருப்பூருக்குள் நுழையும்போதே ஊர் வேலை செய்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. பேருந்தில் நிற்க இடமில்லை. மடியில் ஒருவருக்குப் பனியன் மூட்டை, காலடியில் ஒருவருக்கு நூல் பெட்டி. எங்கள் ஊர்ப் பேருந்துகளில் நெரிசல் என்றால் முகம் சுளிப்பார்கள். இங்கே சண்டைகூட மரியாதையோடு நடந்தது. "ஏனுங்க, என்ற காலை மிதிச்சுட்டு நிக்கறீங்க." "அப்படீங்ளா? உங்க காலுங்ளா அது? நான் மூட்டைன்னு நெனச்சுட்டனுங்க." பின்னால் வடநாட்டு வியாபாரிகள் இருவர் இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எனக்காக மொழிபெயர்த்தார். "இந்த ஊரில் ஒரு வாரம் தங்கினால் காதுக்குள் மெஷின் ஓடுகிறது" என்கிறார் ஒருவர். "ஊருக்குத் திரும்பி, அது ஓடாதபோதுதான் தூக்கம் கெடும்" என்கிறார் மற்றவர்.

மயிலாத்தாளின் வீட்டுக்கு எதிரில் அந்தச் சிறிய பனியன் கம்பெனி. நீண்ட ஓட்டுக் கட்டடம். உள்ளே துணி பின்னும் வட்ட மெஷின்கள், அவற்றின் மேல் சுழலும் விசிறிகள், காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி. மழையும் வெயிலும் படாமலிருக்க மெஷின்களுக்குப் பக்கத்திலேயே எங்கள் வண்டிக்கும் இடம் கொடுத்திருந்தார் முதலாளி ராமசாமி. அகன்று தாழ்ந்து உட்கார்ந்திருந்த அதற்கு ஊரார் வைத்த பெயர் தவளை வண்டி.

அந்தக் கொட்டகையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் ஆரோக்கியம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சோமனூரில் சில காலம் விசைத்தறி ஓட்டி, பிறகு இங்கே வந்தவர். என்னோடு பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். ஐந்து மெஷின்கள் ஓடும் இரைச்சலில் எனக்கு என் குரலே கேட்கவில்லை. அவர் நேராக மூன்றாவது மெஷினுக்குப் போய் நிறுத்தி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகளில் ஒன்றைக் கையால் தடவி எடுத்துவந்து காட்டினார். நுனி உடைந்திருந்தது.

"துணியில கோடு விழுகதுக்கு முன்னாடி சத்தம் வந்துரும்மா. சத்தத்தை விட்டுட்டா, துணி போச்சு" என்றார்.

என்னைப் போல் புத்தகம் மட்டும் படித்த பட்டதாரிக்கு வியப்பு ஏற்படுவதில் வியப்பில்லை. ஆனால் அது எனக்குள் நெடுநேரம் தங்கியது. எங்கள் சங்கத்தில் ஒருவர் குரல் கொடுத்தால் மூன்றாவது கடிதம்வரை எங்களுக்குக் கேட்பதில்லை.

அன்று மதியம் மயிலாத்தாளின் தாயார் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோற்றில் நெய் விட்டுப் பரிமாறினார். கூடவே கொள்ளு ரசம். சாப்பிட்டு முடிப்பதற்குள் அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் என் பூர்வீகம் கேட்டார்கள். தெரியாது என்று சொன்னேன். தெரிந்துகொள்ளும் ஆவலோடு வரவில்லை என்றும் சொன்னேன். "பரவாயில்லீங்க அம்மணி, தெரியாட்டி என்ன, நம்மூருன்னே வெச்சுக்கங்க" என்று ஒரு மூதாட்டி என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார். ஈப்போவில் ஒருவரை ஊர்க்காரராக ஏற்றுக்கொள்ள மூன்று தலைமுறை ஆகும். இங்கே ஒரு கரண்டி போதும்.

இரண்டாம் நாள் மயிலாத்தாளோடு ஊர் ஊராகப் போனேன். மூட்டைகளுக்கு முன்னால் அவள், அவளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் நான். தார்ச்சாலைக்கு அந்த வண்டி வருவதில்லை. இட்டேரிகளிலேயே எல்லா ஊர்களுக்கும் போய்விடலாம். ஊன்றுகோல்களைப் பக்கவாட்டில் செருகிக்கொண்டு, குழிகளை முன்கூட்டியே பார்த்து வளைத்து, எதிரே மாடு வந்தால் ஒதுங்கி நின்று, அவள் ஓட்டிய நேர்த்தியை எங்கள் தோட்டத்து ஓட்டுநர்களிடம் நான் கண்டதில்லை.

ஆனால் பிரேக். முதல் சரிவில் அவள் பிடித்தபோது எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது? கரும்பலகையில் தகரத்தை வைத்து இழுத்தது போலத் தொடங்கி, பல்லுக்குள் போய் முடிந்தது. மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன. மயிலாத்தாள் திரும்பிப் பார்த்து, "இதுக்கே இப்படிங்க, ஓடை இறக்கத்துல கேட்டுப் பாருங்க" என்றாள்.

ஆனால் அந்தக் கொடூரமான சத்தத்தால் ஒரு பயன் இருந்தது. நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் துணிகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். "ஓடைக்கு அக்கட்டால கத்தும்போதே கத்திரியக் கீழ வெச்சுருவோமுங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "எங்க மாமியா செவிடுங்க. அவங்களே 'வண்டி வந்துருச்சு'ங்கறாங்க!" என்று சொல்ல, மாமியார் உள்ளிருந்து, "ஆருடி செவிடு?" என்று கேட்டார்.

வண்டி இல்லாதபோது இந்த ஐந்து ஊர்களில் இரண்டுக்குத்தான் அவளால் போக முடிந்தது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். மற்ற மூன்று ஊர்ப் பெண்களுக்கும் வண்டி வந்த பிறகுதான் வேலை. ஆகவே வண்டியை மாற்றிவிடுவது என்பது ஒருத்தியின் வசதியைப் பற்றிய முடிவாக இனி இருக்க முடியாது.

அன்று நான் ஒன்றைக் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதினேன். சமதரையிலும் மயிலாத்தாளின் இரண்டு விரல்கள் பிரேக் கம்பியின் மீதே இருந்தன. அப்படி வைத்திருந்தால் பேடு எப்போதும் லேசாக உரசும், தேயும், கத்தும். குற்றம் ஓட்டுகிறவளிடம்தான் என்று எனக்குள் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது.

"என்னமோ எழுதறீங்ளே அம்மணி, எனக்கெதிரா இல்லீங்ளே?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் குறிப்பேட்டை மூடினேன்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் புறப்பட வந்தபோது ஆரோக்கியம் எண்ணெய்ச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, பனியன் துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு சத்தமும் வராது, பாருங்கம்மா. விருந்தாளி போற வண்டில்லா! ரெட்டிப்பா கவனிச்சிருக்கேன்."

சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருப்பார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அந்த நன்றியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

உண்மையிலேயே சத்தம் வரவில்லை. முதல் ஊரைத் தாண்டினோம். ஓடைக்கு இறங்கும் சரிவின் உச்சியில் மயிலாத்தாள் இரண்டு கைகளாலும் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி அமைதியாகவே இறங்கியது. வேகமும் குறையவில்லை. அடியில் ஓர் அம்மாள் ஆட்டு மந்தையை ஓடைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பது ஆடுகளாவது இருக்கும். "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கத்தினாள் மயிலாத்தாள். ஆடுகள் தள்ளவில்லை. அடுத்த கணம் அவள் கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்தாள். வண்டி கிளுவை வேலிக்குள் பாய்ந்து, கொப்புகள் முறிந்து, நின்றது.

அது விபத்து என்றே பிறகு எல்லாரும் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆடுகளா, அந்த அம்மாளா, வேலியா என்று கண் இமைக்கும் நேரத்தில் கணக்குப் போட்டு வேலியைத் தேர்ந்தெடுத்தாள் அவள். நான் பட்டம் பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் படித்தது இப்படிப்பட்ட கணக்குகளைத்தான். என்னால் அதைப் போட்டிருக்க முடியாது.

"ஏனுங்க, அடி கிடி பட்டுருச்சுங்ளா?" என்று ஓடிவந்தார் ஆட்டுக்கார அம்மாள்.

"முள்ளுத்தானுங்க" என்றாள் மயிலாத்தாள். "ஆட்டுக்கு ஒண்ணுமில்லீங்ளே?"

"ஆட்டுக்கென்ன, அது பாட்டுக்கு நிக்குது. வேலி எங்க பெரியப்பனுதுங்க. நாலு கொப்பு நட்டாத் தழைச்சுக்கும். நான் சொல்லிக்கறனுங்க, நீங்க வெசனப்படாதீங்க."

அவர் வண்டியைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார். முன்சக்கரம் என் கண்ணெதிரே வந்தபோது அதன் உள்ளே இருந்த பிரேக் தட்டு வெயிலில் பளபளத்தது. தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன். பின்னல் கொட்டகையின் வாசனை.

"மயிலாத்தாள், இதில் யார் எண்ணெய் விட்டது?"

"ஆரோக்கியம் அண்ணனுங்க. தெனமும் காத்தால போடுவாருங்க, மெசினுக்குப் போடற அதே நீடில் ஆயிலு. போட்டா கொஞ்ச நேரம் கத்தாதுங்க. பொறவு பழையபடிக் கத்தும்."

எனக்குப் புரிந்தது. பின்னல் மெஷினில் சத்தம் வந்தால் எண்ணெய் விடுவார்கள். ஆயிரம் ஊசிகள் ஏறி இறங்கும் இடத்தில் எண்ணெய்தான் உயிர். இந்த ஊரில் எந்தப் பிட்டரும் அதைத்தான் செய்வார். ஆனால் பிரேக்கின் வேலை உரசுவது. உரசினால்தான் நிற்கும். அங்கே எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கும், பிடியும் போய்விடும். பிடி குறைந்ததால்தான் அவள் விரல்களை எப்போதும் கம்பியின் மீதே வைத்திருந்தாள். கால் ஊன்றி நிறுத்த முடியாத ஒருத்திக்கு வேறு என்ன காவல் உண்டு? குறிப்பேட்டில் நான் எழுதிவைத்த வாக்கியத்தை அங்கேயே, முள் கீறிய கையால் அடித்தேன்.

மயிலாத்தாள் முழங்கை ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணங்கிட்டச் சொல்லாதீங்க அம்மணி. மனசு ஒடஞ்சு போயிருவாரு." ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டு, "சொல்லாம உட்டா நான் ஒடஞ்சு போயிருவேன். அதையும் பாக்கோணுமல்லங்க?" என்று சேர்த்தாள். ஆட்டுக்கார அம்மாள் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "இதையெல்லாம் எழுதீட்டு, வண்டியக் கொண்டு போயிருவீங்ளா?"

"வண்டியோடு ஒரு புத்தகம் வந்ததே, அது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"ஊட்டுல இருக்குதுங்க. சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சிருக்குது."

பத்திரமாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு சுருக்கமும் இல்லாமல். முழுவதும் ஆங்கிலம். பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாளாம். ஒருவருக்கும் பொருள் விளங்கவில்லையாம். பன்னிரண்டாம் பக்கத்தில், கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் இருந்தது: பிரேக் தட்டின் மீது எண்ணெயோ கிரீஸோ எக்காரணம் கொண்டும் படக் கூடாது.

அந்தப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தவள் நான். வைக்கும்போது நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு முறை தபாலில் பேடுகளை அனுப்பியபோதும், ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி அனுப்ப எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே அதைக் காப்பாற்ற வழியில்லை என்று மட்டும் தீர்மானம் எழுதத் தோன்றியது.

மதிய இடைவேளையில் ஆரோக்கியத்திடம் போனேன். என் தவற்றிலிருந்து தொடங்கினேன். பக்கத்தைக் காட்டி, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். மயிலாத்தாளின் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"அப்போ இத்தனை மாசமா நாந்தான் பிரேக்கைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். "சத்தம் கேட்டுச்சு. என்னன்னு கேக்காம வாயைப் பொத்திட்டேன்."

மயிலாத்தாள்தான் பேசினாள். "ஏனுங்கண்ணா, என்ற வண்டியவும் பனியன் மெசின்னு நெனச்சுட்டீங்ளாக்கும்? இன்னும் நாலு மாசம் உட்டிருந்தா அதுல துணி ஓட்டியிருப்பீங்க."

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. நேராக ஸ்பேனர் பெட்டியை எடுத்துவந்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சக்கரத்தைக் கழற்றி, தட்டை இரு பக்கமும் கவ்வும் இடுக்கியைத் திறந்ததும் அவர் குரல் மாறியது. "இங்க பாருங்க, இங்க பாருங்க!" இடுக்கிக்குள் பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி போல இறுகியிருந்தது. பேடுகளைத் திரும்ப விடாமல் தட்டோடு அழுத்திப் பிடித்திருந்தது அதுதான். எண்ணெய் காய்ந்த பிறகு நாள் முழுவதும் உரசித் தேய்ந்ததும், கத்தியதும் அதனால்தான். "இது எனக்குத் தெரிஞ்ச சீக்காச்சே! ஊசி ஏறி இறங்குற காடியில இதே மாதிரிதான் அடைக்கும். மெஷினுக்குப் பக்கத்துல நிறுத்தினதால அதுக்கும் தொத்திக்கிடுச்சு." தனக்குத் தெரிந்த நோய் என்றதும் அந்த மனிதரிடம் வந்த தெம்பை நான் மறக்கமாட்டேன்.

நான்காம் நாள் முழுவதும், மெஷின் ஓடும் நேரம் போக மிச்சமான நேரமெல்லாம், அவர் அதைச் செய்தார். ஊசிக் காடிகளைச் சுத்தம் செய்யும் மெல்லிய பிரஷ்ஷால் இடுக்கியின் சந்துகளைத் தோண்டினார். தட்டிலிருந்த எண்ணெயை எடுக்க நான் சோப்புத் தண்ணீர் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, துணி சரிபார்க்கும் மேசையிலிருந்து கறை எடுக்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். பனியனில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் ஒருவகைத் திரவத்தைப் பீய்ச்சி அடிப்பார்கள். கறையும் போகும், திரவமும் சுவடில்லாமல் ஆவியாகிவிடும். வெள்ளைத் துணியில் கறை விடாத ஒன்று இரும்பில் விடுமா? அதைத் தட்டில் அடித்தார். துடைத்த வெள்ளைத் துண்டு கறுத்தது. மறுபடி அடித்தார். துண்டு வெள்ளையாகவே திரும்பும்வரை அடித்தார். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் நல்ல கைகள் உண்டு. ஆனால் ஒரு தொழிலின் கருவியை இன்னொரு தொழிலின் நோய்க்கு இப்படி எடுத்துப் பொருத்தும் துணிவை நான் இங்கேதான் கண்டேன்.

முதலாளி ராமசாமி வந்து எட்டிப் பார்த்தார். மறுநாள் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாக்கி.

"ஆரோக்கியம், அங்க மெசின் நிக்குது. இங்க வண்டி நிக்கோணும்னு உக்காந்திருக்கறே. எது நிக்கோணும், எது ஓடோணும்னு ஒரு முடிவுக்கு வாப்பா."

"அஞ்சு நிமிசம் முதலாளி."

"அஞ்சு நிமிசமாம்! காலையிலயும் இதையேதான் சொன்னே." சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தவர் அவரேதான்.

நான் கொண்டுபோன புதிய பேடுகளை ஆரோக்கியம் அப்படியே மாட்டவில்லை. புத்தகத்தில் அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் படித்தேன். ஓரங்களை அரத்தால் லேசாகச் சரித்தார். இடுக்கி முன்னும் பின்னும் சறுக்கும் கம்பிகளுக்கு மட்டும், பேடுகளோடு சிறு உறையில் வந்த கிரீஸைத் தீக்குச்சி நுனியால் தொட்டு வைத்தார். பிறகு மெதுவாக ஓட்டி, மெதுவாக நிறுத்தி, பல முறை பழக்க வேண்டும் என்று படித்தேன். "புது ஊசிக்கும் அப்படித்தாம்மா" என்றார். அந்தப் புத்தகம் எழுதியவருக்கும் அவருக்கும் இடையே இருந்த ஒரே சுவர் மொழிதான் என்று அப்போது தோன்றியது.

ஐந்தாம் நாள் காலை அதே சரிவுக்குப் போனோம். ஆரோக்கியம் எங்களுக்கு முன்பே சைக்கிளில் போய்ச் சரிவின் அடியில், ஆடுகள் நின்ற இடத்தில் நின்றுகொண்டார்.

"அண்ணா, அங்கிருந்து நவுந்துக்கங்க!" என்று கத்தினாள் மயிலாத்தாள்.

"நவுர மாட்டேன். நான் செஞ்ச வேலை. வா தாயி."

நான் இறங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இறங்கவில்லை. வண்டி சரிவில் பாதி தூரம் இறங்கியது. அவள் பிடித்தாள். சத்தமே இல்லை. என் உடல் முன்னால் சாய்ந்து அவள் முதுகில் மோதியது. வண்டி நின்றிருந்தது. ஆரோக்கியத்துக்கும் எங்களுக்கும் நடுவே இன்னும் ஒரு வண்டி நிற்க இடமிருந்தது. அவர் வந்து, குனிந்து, தட்டின் பக்கம் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது கண்களைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஓடை மணல் விழுந்துவிட்டது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

சமதரையில் திரும்பி வரும்போது மயிலாத்தாளின் விரல்கள் பிரேக் கம்பியில் இல்லை. கைப்பிடியைச் சுற்றி இருந்தன.

ஆனால் அன்று எந்த ஊரிலும் துணி தயாராக இல்லை. நாங்கள் வாசலில் போய் நின்ற பிறகும் பெண்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏனக்கா, பூனையாட்ட வந்து நிக்கறீங்க? கத்தீட்டு வரக் கூடாதுங்ளா?" என்று கடிந்துகொண்டாள் ஒருத்தி. செவிட்டு மாமியார், "வண்டி என்னாச்சு, வித்துட்டீங்ளா?" என்று கேட்டார். ஒரு சத்தத்தை எடுத்துவிட்டால் அதை நம்பியிருந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று நான் யோசித்திருக்கவில்லை. மயிலாத்தாள் யோசித்திருந்தாள். திரும்பும் வழியில் பால்காரரிடம் பேசி, அவர் பழைய சைக்கிளில் கிடந்த ரப்பர் பந்து ஹாரனை வாங்கிக் கைப்பிடியில் கட்டிக்கொண்டாள்.

ஈப்போ திரும்பியதும் ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். வண்டி அங்கேயே இருக்கும் என்று செயற்குழு ஏற்றுக்கொண்டது. இனி அது எங்களுடையது அல்ல, மயிலாத்தாளுடையது என்றும் எழுதிக் கொடுத்தது. வண்டியை இப்போது கொட்டகைக்குள் நிறுத்துவதில்லை. வீட்டுப் பக்கம் ஒரு தகரக் கூரை போட்டு நிறுத்துகிறார்கள். எண்ணெய்ச் சொம்பு அதன் அருகே போவதில்லை. அந்தப் பேடுகள் அடுத்த மழைக்காலம் வரை தேயவில்லை என்று மயிலாத்தாள் எழுதினாள். எங்கள் சங்கத்திலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும், தையல் இயந்திரமோ தண்ணீர்ப் பம்போ, அதைப் பயன்படுத்தப் போகிறவர் படிக்கும் மொழியில் ஒரு பக்கம் அதன் மேல் ஒட்டப்படுகிறது. அந்தப் பக்கத்தை எழுதுவது என் வேலை.